ஐந்தாவது ஒயர்

சுவிட்சைப் போட்டதும் மூலையில் இருந்த கறுப்புப் பெட்டி முனக ஆரம்பித்தது.

பாட்டு எதுவும் ஓடவில்லை. டிவி இருட்டாக இருந்தது. ஆனாலும் அந்த சப் ஊஃபரிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரே சீரான சத்தம் புறப்பட்டு, தரை வழியாகப் பாதத்தில் ஏறியது.

“பல்வலி வந்த எருமை மாதிரி இருக்குது மேடம்,” என்றான் ஜகபர் சாதிக்.

துப்பறியும் புனிதா பெட்டிக்கு மேலே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ரத்தம் தெறித்துக் காய்ந்து பழுப்பாகியிருந்தது. துடைக்க வந்த யாரோ முடியாமல் பாதியில் விட்டுப் போயிருந்தார்கள்.

இந்த அறையில்தான் போன வியாழக்கிழமை மதியம் தேவநாதன் செத்துக் கிடந்தார். மரக்காணத்தில் ஐஸ் ஃபேக்டரி, திண்டிவனத்தில் இந்த மாடி வீடு, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும் ஆட்கள் என்று செல்வாக்காக வாழ்ந்தவர். ஸ்பீக்கரைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டாண்டைப் பிடுங்கி யாரோ அவர் மண்டையில் இறக்கியிருந்தார்கள். ஒரு தடவை அல்ல. உடலைத் தூக்க வந்தவர்கள் முகத்தின் மேல் துண்டைப் போட்டுவிட்டுத்தான் கை வைத்தார்களாம்.

பழி வல்லரசு மேல் விழுந்தது. அவன் விழுப்புரத்தில் ஹோம் தியேட்டர் கடை வைத்திருப்பவன். இந்த அறைக்கு சிஸ்டம் மாட்டிக் கொடுத்தவனும் அவன்தான். சப் ஊஃபர் முனகுகிறது என்று தேவநாதன் கூப்பிட, அன்று காலை வந்து பார்த்துவிட்டு, கூட்டேரிப்பட்டில் இன்னொரு வேலையை முடித்துக்கொண்டு மதியம் திரும்பியிருக்கிறான். திரும்பியபோது தேவநாதன் பிணம். இரும்பு ஸ்டாண்டில் வல்லரசுவின் கைரேகை. வீட்டுக் கேமராக்கள் பதிவாகும் டிவிஆர் பெட்டியை, காலையில் அவன் விட்டுப் போன ஸ்க்ரூடிரைவராலேயே திறந்து, உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்திருந்தார்கள். போலீஸ் வந்து சேருவதற்குள் தேவநாதனின் ஆட்கள் அவனைப் பிடித்து, வலது கையை வாசற்படியில் வைத்து மிதித்தே உடைத்துவிட்டார்கள். இப்போது போலீஸ் காவலோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான்.

நேற்று அவன் மனைவி ஆர்த்தி, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் இருக்கும் புனிதாவின் ஆபீசுக்கு வந்தாள். கன்னத்தில் நீளமாக ஒரு கண்ணாடிக் கீறல். தேவநாதனின் ஆட்கள் கடையை அடித்து நொறுக்கியபோது அவள் உள்ளே இருந்திருக்கிறாள்.

“ஜெயிலுக்கு மாத்தற அன்னிக்கி வழியிலயே முடிச்சிடுவோம்னு சொல்லிட்டுப் போறானுங்க மேடம். அவரு என்னடான்னா ஒடஞ்ச கையை வெச்சிக்கினு, அந்த சப் ஊஃபரு ஏன் கத்துதுன்னே தெரியலையேன்னு பொலம்பிக்கினு கெடக்கறாரு. எனக்கு வேற வழி தெரியல. அதையாவது போய்ப் பாருங்க.”

புனிதா ஆஸ்பத்திரிக்குப் போய் வல்லரசுவிடம் பேசினாள். அவன் உதடு வீங்கியிருந்தது. ஆனாலும் தெளிவாகத்தான் சொன்னான்.

“ரெண்டு வருஷமா நல்லா இருந்த சிஸ்டம் மேடம். போன மாசத்துல இருந்துதான் முனகுது. யாரோ புதுசா எதையோ மாட்டியிருக்காங்க. வேற வேற எடத்து எர்த்து ஒரே ஒயர்ல சேந்தா இப்படித்தான் முனகும். ஒவ்வொரு ஒயரா புடுங்கிப் பாக்கணும். எதைப் புடுங்கினா சத்தம் நிக்குதோ, அதான் ஆளு. நான் ஆரம்பிக்கறதுக்குள்ள அவருக்கு ஃபோன் வந்துச்சி. மூஞ்சே மாறிப் போச்சி. மத்தியானம் வாடான்னு தொரத்திட்டாரு.”

அதனால்தான் இன்று காலை புனிதாவும் அவளுடைய உதவியாளன் ஜகபர் சாதிக்கும் இங்கே நின்றுகொண்டிருந்தார்கள். ஜகபர் கோட்டக்குப்பத்துக்காரன். துபாயில் பத்து வருஷம் டிரைவராக இருந்து திரும்பியவன். வாய் மட்டும் எந்த ஊரிலும் ஓய்வெடுத்ததில்லை.

உள்ளே வருவதே பெரிய பாடாகிவிட்டது. கேட்டில் தேவநாதனின் டிரைவர் கையில் இரும்புப் பைப்போடு மறித்தான். வல்லரசுவின் கையை மிதித்தவன் அவன்தான். பெயர் சித்தார்த்தன்.

“பேரு வெச்சவங்க போதி மரத்தை நெனச்சி வெச்சிருப்பாங்க மேடம்,” என்று ஜகபர் காதோடு சொன்னான். “இவன் அந்த மரத்தையே வெட்டி கைல வெச்சிக்கினு திரியறவன்.”

வீட்டுக்குள்ளிருந்து தேவநாதனின் மனைவி பவானி வந்து, “உள்ள விடு,” என்றாள். சித்தார்த்தன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். முதலாளியின் மனைவியைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை.

“நான் டீக்கடை வரைக்கும் போயிட்டு வர்றேன்,” என்றான் புனிதாவிடம். “திரும்பி வர்றப்ப இங்க இருந்தீங்கன்னா, அந்த ஒயர்க்காரனுக்காவது ஒரு கைதான் போச்சி. நீங்க ரெண்டு பேரு. நாலு கை இருக்குது.”

இப்போது பவானி அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். சித்திரை வெயிலில் கழுத்து வரை மூடிய முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். சிஸ்டத்தின் சுவிட்சைப் போட்டதும் அவள்தான். முனகல் கேட்டதும் அவள் விரல்கள் நிலைப்படியை இறுக்கிப் பிடித்ததைப் புனிதா கவனித்தாள்.

ஜகபர் சோபாவில் உட்கார்ந்தான். ‘சரசர’ என்று பிளாஸ்டிக் நொறுங்கியது.

“கடையில இருந்து வந்த கவரே பிரிக்கல மேடம். ஊரே அதிர்ற மாதிரி தெனமும் படம் ஓடும்னு தெருவுல சொல்றாங்க. நின்னுக்கினே பாப்பாங்க போல.”

“எழுந்து வாங்க பாய். ஒயரைப் பிடுங்கலாம்,” என்றாள் புனிதா.

சப் ஊஃபரின் பின்னால் செருகியிருந்த ஒயரை முதலில் பிடுங்கினாள். முனகல் நின்றது. திரும்பச் செருகினாள். வந்தது.

“பெட்டி மேல தப்பில்ல. சத்தம் இந்த ஒயர் வழியா வெளியில இருந்து வருது.”

“அப்ப இது வாயில்லாப் பூச்சி. யாரோ அடிக்கறாங்க, இது அழுவுது,” என்றான் ஜகபர்.

பவானி சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டாள்.

ஒயர் போய்ச் சேரும் இடம் ஆம்ப்ளிஃபயர். அதன் முதுகில் இன்னும் சில ஒயர்கள். டிஷ் பெட்டியின் ஒயரை ஜகபர் பிடுங்கினான். முனகல் போகவில்லை. டிவி ஒயரைப் பிடுங்கினான். போகவில்லை. மூன்றாவது, டிவிஆர் பெட்டியிலிருந்து வருவது. அதை உருவியதும் அறை அமைதியானது. அந்த அமைதியில் வெளியே காக்கை கத்துவதுகூடக் கேட்கவில்லை. ரத்தம் தெறித்த சுவரைத் தவிர மற்றவை முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்த பலகை. சப் ஊஃபரின் அதிர்வைத் தவிர எந்தச் சத்தமும் வெளியே போகாத, வெளிச்சத்தம் உள்ளே வராத அறை.

“வீட்ல எத்தன கேமராம்மா?” என்று புனிதா கேட்டாள்.

“நாலு,” என்றாள் பவானி. “கேட்டுல ஒண்ணு, ஹால்ல ஒண்ணு, சமையல்கட்டுல ஒண்ணு. இங்க ஒண்ணு.” கண்ணைத் தூக்காமலே கூரையின் மூலையைக் காட்டினாள்.

“சமையல்கட்டுல எதுக்கும்மா? கத்திரிக்கா ஓடிப் போயிடும்னா?” என்றான் ஜகபர்.

“நான் என்ன பண்றேன்னு பாக்க. ஃபோன்லயே பாப்பாரு.”

ஜகபர் குனிந்து டிவிஆர் பெட்டியின் பின்பக்கத்தைத் தடவினான்.

“மேடம், கேமரா நாலு. ஒயரு அஞ்சி.”

டிவிஆர் இணைப்பைத் திரும்பக் கொடுத்தார்கள். முனகல் வந்தது. கேமரா ஒயர்களை ஒவ்வொன்றாக உருவினாள் புனிதா. நாலையும் உருவியும் முனகிக்கொண்டே இருந்தது. ஐந்தாவதைத் தொட்டாள். மற்றவை எல்லாம் வெள்ளை. இது கறுப்பு. அதை உருவிய மறு நொடி சத்தம் செத்தது.

“இது உள்ள வர்ற ஒயர் இல்ல பாய். வெளிய போற ஒயர். இந்த நாலு கேமராவும் காட்டற படத்தை இன்னோர் எடத்துல யாரோ பாக்கறாங்க. அவங்களோட கரண்டும் இந்த வீட்டுக் கரண்டும் வேற. அதான் முனகல்.”

“இந்தக் காலத்துல ஃபோனை உட்டுட்டு ஒயர் இழுத்துப் பாக்கறவன் யாரு மேடம்?”

“ஃபோன்ல பாக்கணும்னா பாஸ்வேர்டு வேணும். புதுசா ஒருத்தர் நுழைஞ்சா ஓனருக்குத் தெரிஞ்சிடும். ஒயருக்கு அது ஒண்ணும் கெடையாது.” புனிதா எல்லா ஒயரையும் பழையபடி செருகினாள். முனகல் திரும்ப ஆரம்பித்தது. “இருக்கட்டும். நாம தொட்டதா அந்தப் பக்கம் காட்டிக்க வேணாம்.”

கறுப்பு ஒயர் திரைச்சீலைக்குப் பின்னால் ஏறி, ஜன்னல் சட்டத்தில் துளைத்த ஓட்டை வழியாக வெளியே போயிருந்தது. ஜகபர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தான். அப்போதுதான் அவன் விலாவில் பைப் விழுந்தது.

வாசலில் பவானியைத் தள்ளிவிட்டுச் சித்தார்த்தன் உள்ளே வந்த சத்தம் அவர்களுக்குக் கேட்கவில்லை. அந்த அறையில் கேட்காது. இரண்டாவது அடி ஜகபரின் தோளில் இறங்கியது. அவன் மடிந்து சோபாவில் விழுந்தான். சித்தார்த்தன் அவன் தலைமுடியைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினான். காய்ந்த ரத்தத்தின் மேல் புது ரத்தம் வழிந்தது.

புனிதா ஆம்ப்ளிஃபயரின் வால்யூமைக் கடைசி வரை திருகிவிட்டு, சப் ஊஃபரின் ஒயரைப் பாதியளவு வெளியே இழுத்தாள்.

இடி விழுந்தது போல அந்தப் பெட்டி வெடித்து உறுமியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சித்தார்த்தன் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிய ஒரு கணம் போதுமாக இருந்தது. அவன் முழங்காலின் பக்கவாட்டில் புனிதா காலால் ஓங்கி உதைத்தாள். அவன் சரிந்தான். ஜகபரை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். சித்தார்த்தன் பாய்ந்து கதவு இடுக்கில் கையை நீட்ட, புனிதா தன் எடை முழுவதையும் கொடுத்துக் கதவை அந்த மணிக்கட்டின் மேல் சாத்தினாள். எலும்பு முறிந்தது அவள் உள்ளங்கைக்கே தெரிந்தது. கை உள்ளே போனது.

கதவின் வெளித் தாழ்ப்பாளைப் போட்டது பவானி.

“பின்பக்கமா போங்க,” என்றாள். “அவன் கதவை ஒடைக்கறதுக்குள்ள போங்க.”

உள்ளே அவன் கத்துவது கொசு ரீங்காரம் போலத்தான் வெளியே கேட்டது. புனிதா அந்தத் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சினிமா பார்க்கும் அறைக்கு எதற்கு வெளியே தாழ்ப்பாள்?

“மேடம், அப்புறமா ஆராய்ச்சி பண்ணலாம்,” என்றான் ஜகபர், மூக்கைப் பிடித்துக்கொண்டு. “எனக்கு இருக்கறதே ஒரு மூக்கு.”

ஒயர் சன்ஷேடின் மேல் படுத்து, கொல்லையில் இருந்த முருங்கை மரத்துக்குத் தாவி, கண்ணாடிச் சில் பதித்த மதிலைத் தாண்டிப் பின்தெருவில் ஒரு சின்ன ஓட்டு வீட்டுக்குள் இறங்கியது. மதிலில் ஓரிடத்தில் கண்ணாடிச் சில்லெல்லாம் தட்டி உடைத்திருந்தது. புனிதாவும் ஜகபரும் அந்த வழியாகவே ஏறிக் குதித்தார்கள்.

வீட்டின் முன்கதவில் பூட்டுத் தொங்கியது. வாசல் குப்பையைப் பார்த்தால் ஆள் புழங்கும் வீடாகத் தெரியவில்லை.

“பூட்டிக் கெடக்கற வீடு,” என்றான் ஜகபர்.

“மீட்டரைப் பாருங்க.”

கரண்ட் மீட்டரில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

பின்கதவு தள்ளினால் திறந்துகொண்டது. ஒற்றை அறை. ஒரு பாய், ஒரு ஸ்டவ், சோறு வைத்த குக்கர். சுவரோரம், கடைகளில் கேமரா பார்க்க வைக்கும் சின்ன மானிட்டர். அதில் நாலு கட்டங்களாகப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் சித்தார்த்தன் ஒடிந்த கையை மார்போடு அணைத்தபடி, இன்னொரு கையால் பைப்பை ஓங்கி ஓங்கிக் கதவில் அடித்துக்கொண்டிருந்தான்.

“அப்ப நாம வர்றதையும் பாத்திருப்பான்,” என்று புனிதா சொல்லி முடிக்கவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒருவன் பாய்ந்தான். கையில் மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கி. அது ஜகபரின் தோள்பட்டையில் செருகி, சட்டையோடு சதையையும் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. ஜகபர் அலறினான். பாய்ந்தவன் அடுத்து புனிதாவின் கழுத்தைக் குறி வைத்து வீசினான். அவள் குனிந்தாள். கொக்கி சுவரில் பட்டுக் காரை உதிர்ந்தது. ஸ்டவ்வின் மேல் இருந்த குக்கரை அவள் இரண்டு கையாலும் தூக்கி அவன் முகத்தில் அடித்தாள். அவன் பின்னால் சாய்ந்து மூடாத வாயில் ரத்தத்தோடு உட்கார்ந்தான். கொக்கி தரையில் விழுந்தது. புனிதா அதைக் காலால் தள்ளி எடுத்துக்கொண்டாள்.

“மூணு விசில் வரைக்கும் காத்திருக்கணும் மேடம்,” என்று ஜகபர் சுவரில் சாய்ந்து முனகினான். “அவசரப்பட்டுட்டீங்க.”

விழுந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டைக் கடலை மூட்டை தூக்குகிறவர்களின் தோள். முகத்தின் ஜாடை பவானியை நினைவுக்குக் கொண்டுவந்தது.

“நீ பவானியோட தம்பி ராஜசேகர். மயிலத்துல இருக்கறதா நான் விசாரிச்சப்ப உங்க சொந்தக்காரங்க சொன்னாங்க,” என்றாள் புனிதா. 

அவன் ரத்தத்தைத் துப்பினான். “ஆமா. நான்தான் கொன்னேன். புடிச்சிக்கினு போங்க. அந்த ஒயர்க்காரனை உட்டுடச் சொல்லுங்க.”

“இவ்ளோ ஈஸியா ஒத்துக்கறவன் எதுக்குக் கொக்கியால குத்தற?”

புனிதா அவன் எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

“நீ சொல்றது சரியா வரல ராஜசேகர். அந்த ரூம்ல யாருமே படம் பாக்கல. சோபா கவரே பிரியல. ஆனா தெனமும் சத்தம். கதவுக்கு வெளியில தாழ்ப்பா. உங்க அக்கா இந்த வெயில்ல முழுக்கை போட்டுக்கினு நிக்கறாங்க. அந்த சப் ஊஃபர் பாட்டு கேக்கறதுக்கு இல்ல. பஞ்சுப் பலகையையும் மீறி அவங்க கத்தறது தெருவுக்குக் கேக்காம இருக்கறதுக்கு. அதை இங்க ஒக்காந்து நீ பாத்துக்கினு இருந்த. சரியா?”

ராஜசேகரின் கண் மானிட்டருக்குப் போய்விட்டுத் திரும்பியது.

“அன்னிக்கும் பாத்த. எழுந்து ஓடின. மதிலைத் தாண்டி, கொல்லையைத் தாண்டி, வீட்டுக்குள்ள நுழைஞ்சி அந்த ரூமுக்குப் போன. நீ போய்ச் சேர்றதுக்குள்ள...”

“நான்தான் அடிச்சேன்னு சொல்றேன் இல்ல.”

“அவன் வர்றதுக்குள்ள முடிஞ்சி போச்சி,” என்றது ஒரு குரல்.

பின்கதவில் பவானி நின்றாள். மதில் ஏறியதில் உள்ளங்கை கிழிந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

“அக்கா, நீ போ,” என்றான் ராஜசேகர்.

“எங்கடா போவச் சொல்ற?” பவானி தம்பியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புனிதாவைப் பார்த்துப் பேசினாள். “ரெண்டு தடவ அம்மா வூட்டுக்குப் போனேன். ரெண்டு தடவயும் பெரியவங்க பேசி அனுப்பி வெச்சிட்டாங்க. ஃபோனை ஒடச்சிட்டாரு. செத்தாக்கூட ஒருத்தருக்கும் தெரியாதுன்னு பயம் வந்துடுச்சி. யாராவது ஒருத்தர் பாத்துக்கினு இருந்தாப் போதும்னு இருந்துச்சி. இவன் இந்த வூட்டை வாடகைக்கு எடுத்து ஒயர் இழுத்தான். அந்த முனையை நான்தான் பொட்டியில சொருவினேன். அதுல இருந்து அது முனக ஆரம்பிச்சிது.”

“அன்னிக்கி வந்த ஃபோன்?”

“பின்தெரு கடைக்காரரு. உங்க மச்சான் இங்க தங்கியிருக்காரு போலன்னு எதார்த்தமா சொல்லியிருக்காரு. ஒயர்க்காரரைத் தொரத்திட்டு என்னை உள்ள இழுத்துக்கினு போனாரு. எப்பவும் சத்தத்தைக் கூட்டி வெச்சிட்டு வெளிய காவல் நிக்கறவன் இந்த சித்தார்த்தன். அன்னிக்கி அவன் மரக்காணம் போயிட்டு எல்லாம் முடிஞ்சப்புறம்தான் வந்தான். அவரே சத்தத்தைக் கூட்டினாரு. இன்னிக்கி உன்னை முடிச்சிட்டு உன் தம்பியைக் கடல்ல போடுவேன்னாரு. பெல்ட்டைக் கழுத்துல போட்டு இறுக்கினாரு.” அவள் ரவிக்கையின் கழுத்தைக் கொஞ்சம் இறக்கினாள். கறுத்துப்போன பட்டையாக ஒரு தடம். “கைக்கு அந்த ஸ்டாண்டு மாட்டிச்சி. அவரு கீழ வுழுந்ததுக்கு அப்புறமும் அடிச்சேன். எவ்ளோ அடிச்சேன்னு தெரியாது. இவன் வந்து புடிச்சி நிறுத்தற வரைக்கும் அடிச்சிக்கினே இருந்தேன்.”

அவள் ரவிக்கையின் கழுத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“ஒயர்க்காரரு கையை ஒடச்சது எனக்கு நேத்துதான் தெரியும். துக்கம்னு சொல்லி ஒரு வாரமா சொந்தக்காரங்க என்னை ரூமை உட்டு வெளிய உடல. இன்னிக்கி நீங்க வந்து அந்தச் சத்தத்தைக் கேக்கணும்னு சொன்னதும் நானே சுவிட்சைப் போட்டேன். வாயால சொல்ல தைரியம் வரல.”

ஜகபர் மானிட்டரைப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

“மேடம். கதவு ஒடஞ்சி கெடக்குது. ரூம்ல ஆளைக் காணோம்.”

அவன் சொன்னபோதே பின்வாசலை நிழல் அடைத்தது. சித்தார்த்தன் ஒரு கை தொங்க, ஒரு கையில் பைப்போடு நின்றான். அவன் எவ்வளவு கேட்டான் என்பது அவன் கண்ணிலேயே தெரிந்தது.

“அண்ணனை நீயாடி கொன்ன?” என்று அமைதியாகக் கேட்டான்.

பைப் பவானியின் தலைக்கு நேராக இறங்கியது. ராஜசேகர் அவள் மேல் விழுந்தான். அடி அவன் முதுகில் பட்டது. அடுத்த அடி பின்மண்டையில். அவன் அக்காவை விடவில்லை. மூன்றாவதுக்குச் சித்தார்த்தன் கையை ஓங்கியபோது, தரையில் குந்தியிருந்த புனிதா கொக்கியை அவன் கெண்டைக்காலில் செருகி, இரண்டு கையாலும் இழுத்தாள்.

அவன் மல்லாக்க விழுந்தான். தலை வாசல் கல்லில் மோதியது. எழ முயன்றவனின் ஒடிந்த மணிக்கட்டின் மேல் ஜகபர் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தான். சித்தார்த்தனின் கத்தல் இந்தத் தடவை பின்தெரு முழுக்கக் கேட்டது. ஜன்னல்கள் திறந்தன. ஆட்கள் ஓடி வந்தார்கள்.

“வாங்க, வாங்க,” என்றான் ஜகபர், வெளுத்துப்போன முகத்தோடு. “இவ்ளோ நாளு கேக்காதது இன்னிக்காவது கேட்டுச்சே.”

புனிதா இன்ஸ்பெக்டருக்கும் ஆம்புலன்சுக்கும் ஃபோன் செய்தாள். ராஜசேகரின் பின்தலையிலிருந்து வழிந்த ரத்தத்தில் பாய் நனைந்துகொண்டிருந்தது. பவானி தன் முந்தானையைச் சுருட்டி அதில் அழுத்திப் பிடித்திருந்தாள். அவனுக்கு நினைவு இருந்தது. பேச்சு குழறியது.

“டிஸ்க்கு எங்க?” என்று புனிதா கேட்டாள்.

“குடுக்காதக்கா. நான் அதை ஒடச்சிடறேன். அதுல நீ அடிக்கறது இருக்குது.”

“இருக்கும்,” என்றாள் புனிதா. “நான் பொய் சொல்ல மாட்டேன். கீழ விழுந்தவரை அடிச்சதும் இருக்கும். ஆனா அதுக்கு முன்னாடி கழுத்துல பெல்ட் விழுந்ததும் இருக்கும். அதுக்கு முன்னாடி ஒரு மாசமா அந்த ரூம்ல நடந்தது எல்லாமே இருக்கும். கேமரா வெச்சது அவரு. தன்னைத் தவிர வேற யாரும் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சி வெச்சிருக்காரு. அதை ஒடச்சா உங்க அக்காவுக்கு சாட்சி சொல்ல யாருமே இல்ல.”

ராஜசேகர் அழுதான். முதுகு குலுங்கக் குலுங்க வலித்திருக்க வேண்டும். அழுவதை நிறுத்த அவனால் முடியவில்லை.

பவானி எழுந்தாள். பரண் மேல் கையை விட்டு, கோணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்துப் பார்க்காமல் புனிதாவின் கையில் வைத்தாள்.

“அடி வாங்கனதும் நான்தான். அடிச்சதும் நான்தான். ரெண்டையும் பாக்கட்டும்,” என்றாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பவானி சொன்னதை ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டார். அவள் கழுத்தைப் பார்த்துவிட்டுப் பெண் போலீசைக் கூப்பிட்டு, முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ராஜசேகரையும் ஜகபரையும் ஒரே ஆம்புலன்சில் ஏற்றினார்கள். குத்தியவனும் குத்துப்பட்டவனும் எதிர் எதிரே படுத்திருந்தார்கள்.

“தம்பி, ரத்தம் ஏத்தறப்ப உன்னுது எனக்கு வேணாம்னு சொல்லிடு,” என்றான் ஜகபர். “எனக்கு ஏற்கெனவே பிரஷர் அதிகம்.” ராஜசேகர் கண்ணை மூடிக்கொண்டே, “மன்னிச்சிடுங்க பாய்,” என்றான்.

ஆம்புலன்ஸ் போன பிறகு புனிதா தெருவோரம் நின்று ஆர்த்திக்கு ஃபோன் செய்தாள். மறுமுனையில் ஆஸ்பத்திரி வராந்தாவின் இரைச்சல்.

“உன் வீட்டுக்காரர் பண்ணலன்னு ஆயிடுச்சி ஆர்த்தி. கோர்ட்டு ஃபார்மாலிட்டி முடிஞ்சதும் வெளிய வந்துடுவாரு. கையை மிதிச்சவனும் மாட்டிக்கினான்.”

ஆர்த்தி விசும்புவது கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு குரல் கெட்டியானது.

“யாரு மேடம் பண்ணது? எவன் பண்ணதுக்கு எங்க வூட்டுக்காரரு கை போச்சி?”

புனிதா எதையும் மறைக்காமல் சொன்னாள். அறை, தாழ்ப்பாள், தினமும் கூட்டிவைத்த சத்தம், கழுத்தில் இருந்த தடம், ஒரு வாரம் சொல்லாமல் இருந்தது, கடைசியில் டிஸ்க்கைத் தானே எடுத்துக் கொடுத்தது, எல்லாவற்றையும்.

ஃபோன் கட் ஆகிவிட்டதோ என்று புனிதா காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

“மேடம்,” என்றது ஆர்த்தியின் குரல். “அவங்களுக்கு வக்கீல் யாராவது இருக்காங்களா?”